மலரும் நினைவுகளில் 'நாம்' என்பது யார்?

2024 ஏப்ரலில் 'கில்லி' மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. 2025 ஜனவரியில் 'யே ஜவானி ஹை தீவானி' வந்தது. அடுத்த மாதமே வந்த 'சனம் தேரி கசம்', 2016-இல் முதன்முறை வெளியானபோது ஈட்டியதைவிட மறுவெளியீட்டில் அதிகம் ஈட்டியது. ஒவ்வொரு மறுவெளியீட்டை ஒட்டியும் என் முகநூல் பக்கத்தில் ஒரே வகைப் பதிவுகள் மூன்று நான்கு மொழிகளில் வந்து குவிகின்றன. விடுதி அறை, நள்ளிரவுத் தேநீர், இருவர் ஒரே இயர்ஃபோனில் கேட்ட பாடல், பிரிவுபசார விழாவின் கண்ணீர், கடைசியில் அந்த நாள்கள் நமக்கு இனி வாரா என்றொரு பெருமூச்சு. எழுதுவோரில் பலர் என் வயதினர், முப்பதைக்கூடத் தொடாதவர்கள்.

மொழியியல் படித்த பழக்கத்தால் இப்பதிவுகளில் என் கண் ஒரு சிறு சொல்லிலேயே போய் நிற்கிறது. அது 'நாம்'. நம் கல்லூரி, நம் விடுதி, நம் பாடல், நம் தலைமுறை. இந்தப் பதிவு அந்தச் சொல்லைப் பற்றியது. கல்லூரிக் கால ஏக்கத்தை நான் இகழவில்லை. எனக்கும் அது உண்டு. ஆனால் அந்த ஏக்கத்தைப் பேசும்போது நாம் கையாளும் தன்மைப் பன்மை சரியானதுதானா என்று கேட்க விரும்புகிறேன். சரியான பன்மையைத் தேர்ந்துகொண்டால், அந்த ஏக்கத்திலிருந்து ஒரு கடமையும் பிறக்கும் என்பது என் துணிபு.

முதலில் ஏக்கத்தைக் குறிக்கும் சொற்களைப் பார்ப்போம். 'நாஸ்டால்ஜியா' இன்று திரைப்பட விளம்பரங்களில் புழங்கும் சொல். பிறந்ததோ ஒரு மருத்துவ ஆய்வேட்டில். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், வீடு திரும்புதலைக் குறிக்கும் 'நோஸ்டோஸ்', வலியைக் குறிக்கும் 'அல்கோஸ்' என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ஒரு நோய்க்குப் பெயரிட்டார். அயல் மண்ணில் வாழ நேர்ந்த சுவிஸ் நாட்டவரிடம் காணப்பட்ட வாட்டமே அந்நோய். அவர் விவரிக்கும் நோயாளிகளுள் ஒருவர், பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த மாணவர். அதாவது, அன்றைய மாணவர் கல்லூரியிலிருந்து வீட்டை நினைத்து நோயுற்றார். வீட்டிலும் அலுவலகத்திலும் இருந்துகொண்டு கல்லூரியை நினைத்து வாடுகிறோம் நாம். சொல் அப்படியே இருக்க, திசை தலைகீழாக மாறிவிட்டது.

தமிழில் இவ்வுணர்வுக்கு வழங்கும் தொடர்கள் வேறு வகையானவை. இதழ்கள் பழக்கிய தொடர் 'மலரும் நினைவுகள்'. எஸ்.பொ. தம் நூலொன்றுக்கு இட்ட தலைப்பு 'நனவிடை தோய்தல்'. அத்தொடர் இன்று கலைச்சொல்லைப் போலவே ஆளப்படுகிறது. ஒன்றில் பூ, மற்றொன்றில் நீராடல். இரண்டிலும் வலியைக் குறிக்கும் சொல் இல்லை. நினைவைப் பேசத் தொடங்கியவுடனேயே அதன் முள்ளை நீக்கிவிடும் பழக்கம் நம் சொற்களிலேயே அமைந்திருக்கிறதோ என்று சில நேரம் தோன்றுகிறது. ஆனால் கல்லூரி நினைவுகளைப் பொறுத்தவரை, வலி அந்நினைவின் புறத்தே இருப்பதன்று. அதே காலத்தில், அதே வளாகத்தில், அடுத்த அறையில் இருந்தது அது.

இவ்வேக்கத்தை முதிர்ச்சியின்மை என்று தள்ளிவிடும் பேராசிரியர்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. நாற்பதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகளே விகிதத்தை மீறிக் குவிகின்றன என்பதை 1980-களிலிருந்தே நினைவாற்றல் உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வாழ்வின் வரைபடத்தில் அப்பகுதி ஒரு மேடுபோல் எழுந்து நிற்கும். முதன்முறை நிகழ்பவை அதிகம், 'நான் யார்' என்ற கேள்விக்கு விடை தேடும் பருவம் அது என்பன போன்ற காரணங்களை அவர்கள் முன்வைக்கிறார்கள். அப்பருவத்தில் கேட்ட பாடல் நாற்பதாண்டு கழித்தும் நெஞ்சில் நிற்பதற்குப் பாடலின் தரம் மட்டும் காரணமன்று. கேட்டவர் அப்போதுதான் தம்மைத் தாமே வடித்துக்கொண்டிருந்தார் என்பதும் காரணம்.

என் தலைமுறைக்கு இந்த ஏக்கம் நாற்பதுக்குக் காத்திராமல் முன்னதாகவே வந்துவிட்டது. அதற்கு இரு காரணங்கள் எனக்குப் புலப்படுகின்றன. ஒன்று, நினைவூட்டுவதையே தொழிலாகக் கொண்ட கருவிகள். கடந்த ஆண்டுகளில் இதே நாளில் நாம் இட்டவற்றை எடுத்துக் காட்டும் வசதியை முகநூல் 2015 மார்ச்சில் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் நினைவு தானாக வரும். அல்லது நாமே பெட்டியைத் திறந்து ஒளிப்படங்களைத் தேட வேண்டும். இப்போது காலை எழுந்ததும் அறிவிப்பாக வந்து நிற்கிறது. மற்றொன்று, 2020. எங்கள் முதுகலையின் இறுதிப் பருவம் அந்த மார்ச்சில், விடுதியைக் காலி செய்யுமாறு ஒட்டப்பட்ட ஓர் அறிவிப்போடு நின்றுபோனது. பாதி வாசித்த நூல்களையும் காயாத துணிகளையும் பெட்டியில் திணித்துக்கொண்டு கிளம்பினோம். சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்றே எல்லோரும் நம்பினோம். பிரிவுபசார விழா ஓர் இணையவழிக் கூட்டமாக முடிந்தது. பாடலை ஒலிக்கவிட்டபோது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நொடி பிந்திக் கேட்டது. முறையாக முடியாத ஒன்றை மனம் திரும்பத் திரும்பச் சென்று முடிக்கப் பார்ப்பதில் வியப்பில்லை.

அன்று ஒலித்த பாடலைப் பாடியவர் கேகே என்று அறியப்பட்ட கிருஷ்ணகுமார் குன்னத். தில்லியில் பிறந்த மலையாளி. 1999-இல் வெளிவந்த 'பல்' என்னும் அவருடைய இசைத்தொகுப்பின் இரண்டு பாடல்கள், நட்பையும் பிரிவையும் பாடுபவை, இந்தி வழங்கும் வளாகங்களின் பிரிவுபசார விழாக்களில் இன்றளவும் ஒலிக்கின்றன. தமிழ் மாணவர்களுக்கு இதே குரல் 'காக்க காக்க', '7ஜி ரெயின்போ காலனி', 'கில்லி' வழியாகப் பழக்கம். தில்லி விடுதியில் இருந்தபோது இந்தி பேசும் என் அறைத்தோழிக்கும் எனக்கும் தனித்தனிக் கேகே இருந்தார். இருவரும் ஒருவரே என்று தெரிய ஓராண்டு ஆயிற்று. 2022 மே 31 அன்று கொல்கத்தாவின் நஸ்ருல் மஞ்சத்தில் ஒரு கல்லூரி விழாவுக்காகப் பாடிய பின் அவர் இறந்தார். அன்றிரவு எங்கள் பழைய வகுப்பின் குழுவில் ஐந்து மொழிக்காரர்கள் தத்தம் மொழியில் அவர் பாடிய பாடல்களைப் பகிர்ந்துகொண்டே இருந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'பல்' வெளிவந்தபோது எனக்கு இரண்டு வயது. அப்பாடல் எங்கள் தலைமுறைக்குரியதே அன்று. எங்களுக்கு மூத்தவர்கள் பாடிச் சென்றதை நாங்கள் எடுத்துக்கொண்டோம். இன்றைய முதலாண்டு மாணவர் அதை எங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். '90ஸ் கிட்ஸ்', '2கே கிட்ஸ்' என்று இணையத்தில் வேலி போட்டு நகையாடுகிறோமே, வளாகத்தின் பாடல்கள் அந்த வேலியை மதிப்பதே இல்லை. 2013-இல் வந்த 'யே ஜவானி ஹை தீவானி'யின் மறுவெளியீட்டில் எழுந்து ஆடியவர்களுள், அது முதலில் வெளியானபோது தொடக்கப்பள்ளியில் இருந்தவர்களும் இருந்தார்கள். பாடல்கள் எளிதில் கைமாறுகின்றன. அவற்றோடு சேர்த்து நாம் சொல்லும் கதைகளில்தான் 'நாம்' சிக்கலாகிறது.

எங்கள் இளங்கலை வகுப்பின் குழுவில் ஒருநாள் ஒரு நண்பர் இந்தியில் எழுதினார்: இரவு இரண்டு மணிக்கு 'ஹம் லோக்' உட்கார்ந்து பராட்டா தின்ற அந்த டாபா நினைவிருக்கிறதா? இருபது இதயக்குறிகள் விழுந்தன. நானும் ஒன்று இட்டேன். பிறகு பழக்கத்தின் காரணமாக மனத்துக்குள் அவ்வாக்கியத்தைத் தமிழாக்கப் பார்த்தேன். முடியவில்லை. இந்தியின் 'ஹம்' கேட்பவரையும் உள்ளடக்குகிறதா என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தின் 'வீ', வங்காளத்தின் 'ஆம்ரா' ஆகியனவும் அவ்வாறே. தமிழில் நான் தேர்ந்தாக வேண்டும். நாம் தின்றோமா? நாங்கள் தின்றோமா? விடை எனக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு நான் எந்த டாபாவிலும் இருந்ததில்லை. எங்கள் மகளிர் விடுதியின் வாயில் எட்டரைக்குப் பூட்டப்படும். அவ்வாக்கியத்தின் நேர்மையான தமிழ், 'நீங்கள் தின்றீர்கள்' என்பதே.

கேட்பவரை உள்ளடக்கும் பன்மைக்கும் விலக்கும் பன்மைக்கும் இடையிலான இவ்வேறுபாடு திராவிட மொழிகள் பலவற்றில் உண்டு. தெலுங்கில் 'மனமு', 'மேமு'. மலையாளத்தில் 'நம்மள்', 'ஞங்ஙள்'. இன்றைய கன்னடத்தில் 'நாவு' ஒன்றே இரண்டுக்கும் நிற்கிறது. இந்தோ-ஆரிய மொழிகளிலும் மராத்திக்கு 'ஆபண்', 'ஆம்ஹீ' உண்டு. குஜராத்திக்கு 'ஆப்ணே', 'அமே' உண்டு. இலக்கணத்தில் இவ்வேறுபாடு இருப்பதாலேயே தமிழரும் மராத்தியரும் பிறரைவிட நேர்மையாக நினைவுகூர்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பேச்சுத் தமிழில் 'நம்ம' எவ்வளவு தாராளமானது என்பதை அறிவோம். 'நம்ம ஊரு', 'நம்ம ஆளு' என்று கேட்பவருக்குத் தொடர்பே இல்லாததையும் அவர் மடியில் வைத்துவிடும். அந்தத் தாராளத்தில் அன்பு உண்டு. ஆனால் அதே தாராளம் ஒருவர் பெறாததைப் பெற்றதாகவும் கணக்கெழுதிவிடும். வேறுபாட்டைச் சொல்லும் வசதி நம் மொழியில் இருக்கிறது. பயன்படுத்துவது நம் பொறுப்பு.

அந்த வசதியைக் கொண்டு நம் கல்லூரி நினைவுகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 'நாம்' வரும் இடத்தில் எல்லாம் 'நாங்கள்' என்று மாற்றுங்கள். பிறகு அந்த 'நாங்கள்' என்பதற்கு வெளியே நிற்பவர் யார் என்று கேளுங்கள்.

முதலில் நிற்பவர்கள் பெண்கள். தில்லியில் 2015-இல் மகளிர் விடுதிகளின் நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து மாணவியர் தொடங்கிய இயக்கத்துக்கு 'பிஞ்ச்ரா தோட்' என்று பெயர். கூண்டை உடை என்று பொருள். அவர்கள் வீதிக்கு வந்து கேட்டவற்றுள் இரவில் நூலகத்துக்குச் சென்று வரும் உரிமையும் ஒன்று. இன்று மலரும் நினைவுகளாக எழுதப்படும் நள்ளிரவுத் தேநீரும் விடியும்வரை நீண்ட விவாதங்களும் அன்று ஒரு பாலாருக்கு இயல்பாகக் கிடைத்தவை. மறுபாலார் முழக்கமிட்டுக் கேட்க வேண்டியிருந்தவை.

அடுத்து நிற்பவர்கள், பகடிவதைக்கு உள்ளானவர்கள். 1996-இல் 'காதல் தேசம்' கல்லூரி வாழ்வை ஒரு கனவாகத் தமிழ் இளைஞருக்குக் காட்டியது. அதே ஆண்டு நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். 1997-இல் தமிழ்நாடு பகடிவதையைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் 2009-இல் வந்தன. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான '3 இடியட்ஸ்', முதலாண்டு மாணவர்களின் ஆடையைக் களையச் செய்யும் காட்சியை நகைச்சுவையாகவே வைத்தது, அரங்கமும் சிரித்தது. தெலுங்கில் 'ஹேப்பி டேஸ்', கன்னடத்தில் 'கிரிக் பார்ட்டி', மலையாளத்தில் 'ஹிருதயம்', இந்தியில் 'சிச்சோரே' என்று ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு கல்லூரி ஏக்கப் படத்தை வைத்திருக்கிறது. எல்லாமே பொறியியல் கல்லூரிகள். எல்லாக் கதைகளும் ஆண்களின் நட்பை மையமாகக் கொண்டவை. நான் இவற்றை விரும்பிப் பார்த்தவள். ஆனால் நாட்டின் கல்லூரி நினைவு என்று இவை நிலைபெறும்போது, அரசு கலைக் கல்லூரிக்குப் பேருந்தில் வந்துபோய், மாலையில் கடையில் வேலை பார்த்துப் பட்டம் பெற்றவரின் நினைவு எந்தத் திரையிலும் மலர்வதில்லை.

மூன்றாவதாக, வளாகத்துக்குள்ளேயே வளாகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். 2016-ஐ என் வயதினர் ஜியோவின் ஆண்டாக நினைவுகூர்கிறார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று அச்சேவை வந்தது. ஒரு ஜிபி தரவை ஒரு மாதத்துக்குப் பொத்திப் பொத்திச் செலவழித்த காலம் முடிந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதியிலிருந்து விலக்கப்பட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் வளாகத்துக்குள் ஒரு கொட்டகை அமைத்து அதற்கு 'வெலிவாடா' என்று பெயரிட்டிருந்தார்கள். ஊருக்குப் புறம்பாக ஒதுக்கப்பட்ட சேரியைக் குறிக்கும் தெலுங்குச் சொல் அது. அவர்களுள் ஒருவரான ரோஹித் வெமுலா ஜனவரி 17 அன்று உயிர் நீத்தார். வளாகத்தின் நடுவே ஊர்ப்புறத்தின் பெயரைச் சூட்டிய அந்தச் செயலைவிடக் கூர்மையாக 'நாம்' என்னும் சொல்லைக் கேள்வி கேட்டவர் யாருமில்லை. அப்பெயரின் பொருளை அறிந்த பின், '2016, நம் வாழ்வின் பொற்காலம்' என்று எழுதும் முன் எனக்குக் கை சற்றுத் தயங்குகிறது.

நான்காவதாக ஒரு தரப்பு உண்டு. நம் ஏக்கத்தின் பின்னணியில் எப்போதும் இருப்பவர்கள், முன்னணிக்கு வராதவர்கள். உணவகத்தில் ரொட்டி சுட்டவர், விடுதி வாயிலில் கையெழுத்து வாங்கியவர், நகலகத்தில் கடனுக்குப் படியெடுத்துக் கொடுத்தவர். அவர்களை 'பையா' என்றும் 'தீதி' என்றும் அழைத்தோம். பலரின் பெயர் நமக்குத் தெரியாது. நமக்கு மூன்றாண்டுக் கனவாக இருந்த இடம் அவர்களுக்கு இருபதாண்டுப் பணியிடம். 2020 மார்ச்சில் விடுதி மூடப்பட்டபோது எங்கள் உணவகத்தில் ஒப்பந்தத்தில் பணிபுரிந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். மீண்டும் திறந்தபோது அவர்களுள் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. அவர்களுடைய மலரும் நினைவுகளில் நாம் எவ்வாறு இருக்கிறோம் என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். அலுவலகச் சுமைக்கு நடுவே ஒருவர் பழைய பாடலைக் கேட்டு இரண்டு நிமிடம் மகிழ்ந்தால், அதற்கும் சமூகவியல் வகுப்பு எடுக்க வேண்டுமா? நியாயமான கேள்வி. என் விடை இது. தனியே இருந்து பாடல் கேட்பவர் எவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நினைவு பொதுவெளிக்கு வந்து 'நம் கல்லூரி இப்படித்தான் இருந்தது' என்று சொல்லும்போது, அது வரலாறாக மாறத் தொடங்குகிறது. பழைய மாணவர் மலரில் அச்சாகிறது. புதிய மாணவர் வரவேற்பில் மேடையேறுகிறது. 'எங்கள் காலத்தில் பகடிவதையெல்லாம் விளையாட்டு' என்று விசாரணைக் குழுவில்கூட அமர்கிறது. ஸ்வெத்லானா போய்ம் 2001-இல் எழுதிய நூலில் ஏக்கத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, இழந்த வீட்டைப் பழையபடியே கட்டியெழுப்பத் துடிப்பது. மற்றொன்று, ஏங்கிக்கொண்டே சிந்திப்பது. முதல்வகை தன்னை ஏக்கம் என்றே ஒப்புக்கொள்வதில்லை; உண்மை என்றும் மரபு என்றும் சொல்லிக்கொள்கிறது. எனக்கு வேண்டுவது இரண்டாம் வகை.

அவ்வாறு சிந்தித்துப் பார்த்தால், நாம் உண்மையில் எதற்கு ஏங்குகிறோம்? பாடலுக்கா? அது கைப்பேசியில் இருக்கிறது. திரைப்படத்துக்கா? மறுவெளியீட்டில் காணலாம். நண்பர்களுக்கா? காணொளியில் பேசலாம்; பேசியும் ஏக்கம் தீர்வதில்லை. வேலைக்குச் சென்ற நண்பர்களிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்லும் விடைகளைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றே எஞ்சுகிறது: யாரும் கணக்குக் கேட்காத பொழுது, அதுவும் பலர் ஒருசேரப் பெற்ற பொழுது. பிற்பகல் வகுப்பு நடக்காமல் போனால் நால்வரும் அதே நேரத்தில் ஓய்வாக இருப்போம். பொது அறையில் ஒரே தொலைக்காட்சி. எதைப் பார்ப்பது என்று சண்டையிட்டுக்கொண்டே எல்லோரும் ஒன்றையே பார்ப்போம். தரவு குறைவாக இருந்ததால் ஒருவர் இறக்கிய படம் பென்டிரைவில் பத்து அறைகளைச் சுற்றும். மறுநாள் உணவகத்தில் பத்துப் பேரும் அதைப் பற்றியே பேசுவோம். வறுமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பண்பாடு என்பது நுகர்ந்த பொருளில் மட்டுமன்றி, அதைச் சேர்ந்து நுகர வாய்த்த பொழுதிலும் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இளமை போனால் வராது. ஆனால் கணக்குக் கேட்கப்படாத பொதுப்பொழுது அப்படிப்பட்டதன்று. அது ஒரு நிறுவனம் தன் மாணவர்க்குத் தரக்கூடிய, தராமலும் இருக்கக்கூடிய ஒரு வளம். கட்டணத்தை எண்ணி அஞ்சாத விடுதி, இரவும் திறந்திருக்கும் வாசிப்பறை, மாதந்தோறும் வந்துசேரும் உதவித்தொகை, உட்கார்ந்து பேச ஒரு திண்ணை: இவை இருந்தால் அப்பொழுது உண்டு. ஆய்வாளராக இன்னும் வளாகத்திலேயே வாழ்வதால், அது சுருங்குவதை அருகிலிருந்து காண்கிறேன். நண்பர்கள் விட்டுச் சென்ற இடத்தை அவர்கள் ஏங்குகிறார்கள். நான் அதே இடத்தில் இருந்துகொண்டு, அடுத்து வருவோர் அதைப் பெறாமல் போவதைப் பார்க்கிறேன். மரத்தடியில் மாணவர் கூடினால் காரணம் கேட்கப்படுகிறது. வருகைப்பதிவுக்கு விரல்ரேகை கேட்கப்படுகிறது. விடுதியில் இடம் கிடைக்காதவர் இரண்டு மணிநேரப் பயணத்தில் வந்து, கடைசி வகுப்பு முடிந்ததும் ஓடுகிறார். அவருக்கு எந்தப் பாடலும் வளாகத்தின் பாடலாக ஆக நேரமில்லை.

இந்த வளம் தானாகக் கிடைத்ததும் அன்று. 2015 அக்டோபரில், நெட் தகுதி பெறாத ஆய்வாளர்களுக்கான உதவித்தொகையை நிறுத்தும் முடிவை எதிர்த்து, தில்லியில் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தின் முன் மாணவர்கள் இரவு பகலாக அமர்ந்தார்கள். அப்போது முனைவர் பட்ட ஆய்வாளருக்கு அத்தொகை மாதம் 8,000 ரூபாய். 2019 இறுதியில் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். அவ்விரு போராட்டங்களின்போதும் சமூக ஊடகங்களில் பரவலாகக் கேட்ட ஏளனம், இவர்கள் படிக்காமல் பொழுதைக் கழிக்கிறார்கள் என்பது. வரி செலுத்துவோர் பணத்தில் இவர்களுக்கு என்ன சொகுசு என்று கேட்ட சிலர், அதே வாரத்தில் தம் விடுதி நாள்களைக் குறித்து உருகி எழுதியதையும் கண்டேன். தாம் கழித்த பொழுது பொற்காலம். பிறர் கழிக்கும் பொழுது சோம்பல். ஏக்கத்தின் 'நாங்கள்' இவ்வளவு இறுக்கமாக இருந்தால் அது நினைவன்று, சொத்துரிமை.

ஆகவே, கல்லூரி நாள்களை நினைத்து எழுதும் நண்பர்களிடமும், எழுதப்போகும் இன்றைய மாணவர்களிடமும் என் வேண்டுகோள் எளியது. ஏங்குங்கள். எழுதுங்கள். எழுதும்போது 'நாங்கள்' என்று எழுதுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. உங்களோடு படித்த ஒருவரிடம், குறிப்பாகக் குழுவில் எப்போதும் மௌனமாக இருப்பவரிடம், அவருடைய கல்லூரி எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் நினைவோடு பொருந்தாமல் போகலாம். பொருந்தாத அந்த இரண்டும் சேர்ந்ததே உங்கள் கல்லூரி. பழைய மாணவர் சங்கம் நுழைவாயிலுக்கு வளைவு கட்ட நன்கொடை கேட்டால், மகளிர் விடுதியின் வாயில் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வாசிப்பறை எத்தனை மணிவரை திறந்திருக்கிறது, விடுதியில் இடம் கேட்டவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, உணவகத்தில் பணிபுரிவோருக்கு விடுமுறைக் காலத்தில் ஊதியம் உண்டா என்றும் கேளுங்கள். நிர்வாகம் மாணவரின் கேள்விக்குச் செவிசாய்க்காத இடத்திலும், பழைய மாணவரின் கேள்விக்குப் பெரும்பாலும் கடிதமாவது வரும்.

வளாகத்தில் இருக்கும் நாங்கள் எங்களால் இயன்றதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வெளியே சென்ற நீங்களும் கேட்டால், அந்த ஒரு செயலுக்காவது 'நாம்' என்னும் சொல் பொருந்தும். உங்கள் வளாகத்தில் நள்ளிரவுத் தேநீர் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் சரி; எந்தப் பன்மை என்பதை மட்டும் குறிப்பிட்டுவிடுங்கள்.